பேராலயத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்புகள்

"அழிச்சிடு" என்ற சொல் என் வாயிலிருந்து ஏன் வந்தது?

நேற்று என் மகள் பள்ளிக்காக ஒரு மாதா கோயிலை வரைந்தாள். சுற்றிலும் சாரம் கட்டி, உச்சியில் தாத்தாவை நிறுத்தியிருந்தாள். "மிஸ் திட்டுவாங்க, அழிச்சிடு கண்ணு" என்றேன். அவள் தேய்த்த ரப்பரின் வாசனையில் என் நான்காம் வகுப்பு திரும்பி வந்தது.

அது 2003. அப்பா ஓசூரில் சாரம் கட்டும் வேலை செய்தார். அயர்லாந்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்திருந்த சிஸ்டர், தம் நகரத்துப் பேராலயத்தின் படத்தைக் காட்டி, கட்டி முடிக்க நாற்பது வருடம் ஆனதாகச் சொன்னார். நான் கூர்கோபுரத்தோடு சவுக்குக் கம்புகளையும் வரைந்தேன். சாரமில்லாமல் அவ்வளவு உயரம் எப்படி ஏறுவார்கள்? ஓவிய மிஸ் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

"கோயில வரையச் சொன்னா கோழிக்கூண்டு வரைஞ்சிருக்கா! அழிடீ."

தாள் கிழியும்வரை அழித்தேன்.

வீட்டில் சொன்னபோது, "வேல முடிஞ்சா சாரத்தப் பிரிச்சிடுவாங்கல்ல பாப்பா, விடு" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்ததுதான் இன்றும் எரிகிறது. அந்த மிஸ் மேல் இருந்த கோபம் இப்போது என் மேலேயே திரும்பியிருக்கிறது.

மகள் கம்புகளை அழித்துவிட்டாள். தாத்தாவை அழிக்க மறுத்துவிட்டாள். அவர் கோபுரத்தருகே அந்தரத்தில் நிற்கிறார். திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். கம்புகளைத் திரும்ப வரையச் சொல்லட்டுமா? மிஸ் திட்டினால் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வருமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.