கருப்பையாவின் வலது கால்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு முதன்முதலாக வந்த ஆட்டோமேட்டிக் பிக்கப், சரிபார்த்து அனுப்பிய மறுநாளே திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் கருப்பையா. புதுவயல் ரைஸ் மில்களில் அரிசி மூட்டை எடுத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறவர். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

"அண்ணே, அப்பிடியேதான் இருக்கு. இனிமே குலுங்காதுன்னு சொன்னீக. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவ அழுதுட்டா."

அவர் மனைவி அழகம்மைக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மதுரையில் வாரா வாரம் ஃபிசியோதெரபிக்குப் போக வேண்டும். பஸ் ஆகாது. வாடகைக் காரில் போனால் உட்கார முடியவில்லை. சீட்டு உயரமாக இருக்கும், கிளட்ச் பெடல் இல்லாததால் கியர் மாற்றும்போது வெட்டாது என்று யாரோ சொல்ல, ஓடிக்கொண்டிருந்த பழைய பிக்கப்பை விற்றுவிட்டு இதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். பின்னால் மூட்டையும் ஏற்றலாம், முன்னால் மனைவியையும் உட்கார வைக்கலாம் என்பது கணக்கு. ஆனால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஒரு உதை உதைத்தது. அந்த அம்மா மதுரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். இப்போது பயிற்சியை விட்டால் காலில் இருக்கும் மரமரப்பு அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கறுத்த ஆயில்

இளம் மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் இன்று சாதாரணம். எங்களுக்கு அப்படியில்லை. தேவகோட்டை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் ஒர்க்‌ஷாப். லாரி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியே தோள் காய்த்துப்போனவர்கள் நாங்கள். மத்தியானம் தகரம் காயும்போது டீசலும் கிரீஸும் கலந்து ஒரு வாசனை எழும். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, ரோட்டில் பழைய லாரி ஏதாவது போனால் அந்த வாசனைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆட்டோமேட்டிக்கில் கியர் மாற்றுவது ஆயில் பிரஷர். கியர் பாக்ஸுக்குள்ளே சின்னச் சின்ன கிளட்ச்கள் இருக்கும். எதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். வண்டி ஓட ஓட அது தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். முதல் முறை நான் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்து, தீய்ந்த நாற்றம் அடித்தது. ஃபில்டரை மாற்றி, அடித்தட்டைக் கழுவி, கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றி, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்தேன். பிறகு நானே நெடுக ஓட்டிப் புதுக் கணக்கு கற்க வைத்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மனநிறைவோடுதான் சாவியைக் கொடுத்தேன்.

அது மறுநாளே திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். உதையே இல்லை. கருப்பையா ஓட்டினால் உதைக்கிறது என்கிறார்.

எங்கள் முதலாளி செல்வம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீ ஓட்டுனா குலுங்கலை, அவுக ஓட்டுனா குலுங்குதுன்னா, வண்டி என்ன ஆளு பாத்தா குலுங்குது?"

கருப்பையாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் பொய் சொல்றேங்குறீகளா? வேணாம்ணே, விடுங்க. நாளைக்கே வித்துர்றேன்."

"விக்கிறது இருக்கட்டும். ஒங்க வீட்ல அவுகளைக் கூட்டிட்டு வாங்க. நீங்களே ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து பாக்குறேன்" என்றேன்.

பின் சீட்டிலிருந்து

அழகம்மை இடுப்பில் பெல்ட் கட்டி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு வரிசை சீட்டு உள்ள வண்டி அது; நான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில். சிவகங்கை ரோட்டில் திரும்பினோம்.

இன்ஜின் சத்தம் மெல்ல ஏறியது. அழகம்மையின் கை கதவுப் பிடியை இறுக்கியது. அடுத்த நொடி வண்டி உதைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் ஸ்கேனரைப் பார்க்கவே தோன்றவில்லை.

அடுத்த முறை பார்த்தேன். சத்தம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் கணக்கு சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. உடனே திரும்ப ஏறியது. எட்டி கருப்பையாவின் காலைப் பார்த்தேன். கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்க்கிறார், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். பிறகு அழுத்துகிறார். கியர் பாதி மாறும் நேரத்தில் இவர் காலை எடுத்தால், வண்டி ஓட்டுகிறவர் வேகம் வேண்டாம் என்கிறார் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். உடனே அழுத்தினால் வேண்டும் என்கிறார் என்று நினைக்கும். அந்தத் தடுமாற்றம்தான் உதை.

"எதுக்கு காலை எடுக்குறீக?"

"கியர் மாறும்போது எடுத்தாத்தானேண்ணே அடிக்காது? பழைய வண்டில அப்பிடித்தான். அதுலயும் இவளுக்கு வலிக்குமேன்னு கூடக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துருவேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். வலிக்கக் கூடாது என்று செய்ததே வலியாகப் போயிருக்கிறது.

அழகம்மைதான் பேசினார். "அதுக்கேன் இப்பிடி இருக்கீக? தெரிஞ்சா செஞ்சீக? காலை அழுத்தி வச்சே ஓட்டுங்க. என்னையப் பாக்காதீக, ரோட்டப் பாருங்க. வலிச்சா நானே சொல்றேன்."

பழைய கணக்கை மறுபடி அழித்துவிட்டுக் கிளம்பினோம். முதலில் அவரால் முடியவில்லை. சத்தம் ஏறினாலே கால் தானாக எழுந்தது. "வைங்க, வைங்க" என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கல்லல் ஊரைத் தாண்டியதும் கால் படிந்தது. மூன்றாவது கியர் விழுந்தது எனக்கே ஸ்கேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"மாறிருச்சா?" என்றார் அழகம்மை.

"மாறிருச்சும்மா."

அவர் கதவுப் பிடியை விட்டுவிட்டுத் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இப்பிடியே நாட்டரசன்கோட்டை வரைக்கும் போயிருவமா? தம்பி வீடு. ஆபரேஷனுக்கு அப்பறம் நான் அங்குட்டு போகவே இல்ல."

கற்றுக்கொள்ள வண்டிக்கும் நீளமான ஓட்டம் வேண்டும். போகலாம் என்றேன். தம்பி வீட்டில் எனக்கும் காபி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் செல்வம், "டெஸ்ட் டிரைவா, விருந்தா?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் வைத்தோம். கியர் மாறுவதில் புகார் என்றால், வண்டி தினமும் யார் கையில் இருக்கிறதோ அவரே ஓட்ட வேண்டும், பக்கத்தில் தினமும் யார் உட்காருகிறாரோ அவரும் வர வேண்டும். நாங்கள் பின்னால். ஆயிலை மாற்றுவது, கணக்கை அழிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. இளம் மெக்கானிக் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஸ்கேனர் வண்டியைக் காட்டும். ஓட்டுகிற ஆளை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அழகம்மை மதுரைக்குப் போய் வந்தார். நடை தேறியது. நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் அந்த பிக்கப் சர்வீஸுக்கு வந்து நின்றது. டிரைவர் சீட்டில் அழகம்மை. லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். பக்கத்து சீட்டில் கருப்பையா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆயில் மாற்ற வண்டியைத் தூக்க வேண்டும். அவரை எழுப்பலாம் என்று கதவுப் பக்கம் போனேன்.

"எழுப்பிராதீகண்ணே" என்று அழகம்மை மெதுவாகச் சொன்னார். "காலைலேருந்து மூட்டை எறக்குனாக. செத்த நேரம் தூங்கட்டும்."

சரி என்று வரிசையில் பின்னால் நின்ற வண்டியை முதலில் எடுத்துக்கொண்டேன்.