லீக் அக்காவின் டிரை சூட்

நாற்பத்திரண்டு வயதுவரை லீக் அக்காவுக்குத் தண்ணீர்தான் எதிரி. நானூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழாய் வேலை. எவர் வீட்டுக் கழிப்பறை ஒழுகினாலும், எவர் தலைமேல் கூரை சொட்டினாலும், முதல் போன் அவளுக்குத்தான். லீக் அக்கா என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டியதுதான், சொந்தப் பெயரைக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் திருதிருவென்று முழிப்பார். குழாயில் காற்று அடைத்தால் திறந்து விடுவாள். வெந்நீர்க் குழாய்க்குச் சூடு ஆறாமலிருக்கப் பஞ்சு சுற்றும்போது எவனாவது கயிற்றை இறுக்கிக் கட்டினால் அன்றைக்கு அவன் தொலைந்தான். வேலையில் அவ்வளவு கறார்.

ஒரு நாள் நீச்சல் குளத்து மோட்டாரைப் பார்க்கப் போனபோது, குளத்துக்குள் நாலு பேர் முதுகில் சிலிண்டரோடு அசையாமல் மிதப்பதைக் கண்டாள். ஸ்கூபா வகுப்பாம். தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் யாரும் போன் போட்டு "அக்கா, சொட்டுது" என்று சொல்ல முடியாது என்பது அந்த நொடியில் மண்டையில் உறைத்தது. அடுத்த வாரமே சேர்ந்துவிட்டாள். தனியாகப் போவானேன் என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டாள்.

நாத்தனார் பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருப்பவள். வாய் ஓயாதவள். "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறது தண்ணிக்கடியில இருக்கற அந்த இருபது நிமிஷம்தான். அதுக்காகவே நான் காசு குடுப்பேன்" என்று கேலி செய்வார், பள்ளிப் பேருந்து ஓட்டும் லீக் அக்காவின் கணவர்.

அந்த இருபது நிமிடத்தில்தான் சங்கடமே. அவர்கள் இறங்கும் கடல் வருடம் முழுக்கச் சில்லென்று இருக்கும். உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்து, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக வேண்டும் என்பது கணக்கு. லீக் அக்காவின் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. இருபதாவது நிமிடம் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து மரத்துவிடும். உடனே கட்டை விரலை உயர்த்துவாள். மேலே போகலாம் என்று அதற்கு அர்த்தம். ஜோடியாக இறங்கினவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். அதனால் நாத்தனாரும் மறுபேச்சில்லாமல் கூடவே வந்துவிடுவாள்.

கீழே ஒரு பழைய சரக்குப் படகு மூழ்கிக் கிடக்கிறது. நாலு வருடமாக அதன் பின்புறத்தை மட்டும்தான் இருவரும் பார்த்திருக்கிறார்கள். முன்பக்கத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் நீந்த வேண்டும். வாய் ஓயாத நாத்தனார் இதைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது லீக் அக்காவுக்கு.

போதாக்குறைக்கு டாக்டர் வேறு விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். "உடம்பு சூடா இருந்தா விரல் தானா சரியா இருக்கும். அதுக்கு வழி பண்ணுங்க. இன்னொரு தடவை இப்படி வெளுத்துச்சுன்னா இந்த விளையாட்ட மூட்டை கட்டி வச்சிடுங்க."

வழி இருந்தது. அதற்கு டிரை சூட் என்று பெயர். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் கவ்விப் பிடித்து, ஒரு சொட்டு உள்ளே விடாத உடுப்பு. விலையைக் கேட்ட கணவர் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த விலைக்குப் பழைய கார் ஒண்ணு வாங்கலாம்."

"காரைப் போட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போக முடியுமாங்க?"

அவர் சிரித்துவிட்டு, "போய்ப் பாரு. ஆனா நீ பைப் வாங்கற மாதிரி பாத்து வாங்கு" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். லீக் அக்கா அப்படியே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கடைக்குள் நுழைந்தபோது தோளில் வேலைப் பை தொங்கியது. நாத்தனார் பின்னால் வந்தாள். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, பளபளவென்று ஒரு புது டிரை சூட்டை எடுத்து விரித்தார். மூன்றடுக்குத் துணி, முன்பக்கம் ஜிப், மார்பில் வெள்ளிக் கோடு.

"இதுதான் மேடம் டாப்பு."

லீக் அக்கா அதை மாட்டிக்கொண்டு நேராகக் கடையின் கை கழுவும் தொட்டிக்குப் போய், அதன் அடியில் குந்தி உட்கார்ந்தாள். பிறகு கையைத் தலைக்குப் பின்னால் வளைத்து, இல்லாத வால்வு ஒன்றைத் திருகப் பார்த்தாள். தோள் பிடித்தது. கை பாதியில் நின்றது.

"என்ன மேடம் பண்றீங்க?"

"சிலிண்டர் வால்வு பின்னாடிதானே இருக்கு? அதை எட்ட முடியலன்னா வெள்ளிக் கோட்டை வச்சு நான் என்ன பண்றது?"

அடுத்தது தடித்த ரப்பரில் செய்தது. விலை பாதி, கதகதப்புக்குக் குறைவில்லை. தூக்கிப் பார்த்தாள், சிமெண்ட் மூட்டை கனம். காய இரண்டு நாள் ஆகும் என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார். ஈரமாக இரண்டு நாள் கிடக்கும் எதையும் அவள் வீட்டுக்குள் விடுவதில்லை.

அப்போதுதான் மூலையில் தொங்கிய ஒன்று கண்ணில் பட்டது. சாயம் போன ஆரஞ்சு, முழங்காலில் ஒட்டு, அழுக்குச் சாக்கு மாதிரி. துறைமுகத்தில் வேலை பார்த்த முக்குளிப்பாளர் ஒருவர் தொப்பை விழுந்ததும் விற்றுவிட்டுப் போனதாம். தொட்டியின் அடியில் மறுபடி குந்தினாள். கை வால்வு வரை தாராளமாகப் போனது. அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

பையைத் திறந்தாள். இரண்டு ஜாம் பாட்டில்களை மணிக்கட்டு வளையங்களில் செருகினாள். கழுத்துக்கு ஒரு ரப்பர் பந்து. உடுப்புக்குள் காற்றை நிரப்பச் சொல்லி, அது தலையில்லாத பூதம்போல உப்பி நின்றதும், மேலெல்லாம் சோப்புத் தண்ணீரை அடித்தாள். கடைக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜிப்பை வளைத்து வளைத்து, ஒவ்வொரு பல்லாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கெட்டால் பாதி விலையை விழுங்கும் பாகம் அது. ஜிப்பில் ஒரு குமிழிகூட இல்லை. தையல்களிலும் இல்லை. இடது குதிகாலில் மட்டும் மூன்று குமிழிகள் எட்டிப் பார்த்தன.

கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. "லீக் இருக்கு மேடம். வேணாம், விட்டுடுங்க."

"ஐயோ, குதிகால்லதானே! ஒரு ஒட்டுப் போட்டா முடிஞ்சுது. எங்க லீக்குன்னு தெரியாம ராத்திரி பகலா தேடறதுதாங்க கஷ்டம். எடுத்துக் கட்டுங்க!"

நாத்தனார் அவள் காதோரம் குனிந்தாள். "அண்ணி, நிஜமாவா? இதப் போட்டா குப்பை வண்டி மாதிரி இருப்பீங்க."

"கடலுக்கடியில என்னை யாருடி பொண்ணு பாக்க வராங்க?"

மிச்சமான பணத்தில் உள்ளே போட்டுக்கொள்ளும் பஞ்சு உடுப்பும், தண்ணீர் புகாத கையுறையும் புத்தம் புதிதாக வாங்கினாள். குதிகாலைத் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாள். அன்றைக்கு நாலு தடவை எழுந்து போய் அதைத் தடவிப் பார்த்தாள். குளத்தில் ஒரு நாள் பயிற்சி. மார்பில் உள்ள பொத்தான் காற்றை உள்ளே விடும், தோளில் உள்ளது வெளியே விடும், ஆழம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலையை ஆட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினார்கள். ஒரு சொட்டு இல்லை! கழுத்து காய்ந்திருந்தது, கால் காய்ந்திருந்தது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே நனையாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறும்பு! லீக் அக்காவுக்கு அங்கேயே கூத்தாட வேண்டும்போல இருந்தது. பாழாய்ப்போன பழக்கம் அங்கேதான் காலை வாரியது. உடுப்புக்குள் காற்று லேசாகக் குலுங்குவதை உணர்ந்ததும், குழாயில் காற்று அடைத்ததாகவே கை நினைத்துக்கொண்டது. தோள் பொத்தானை அழுத்தி, இருந்த காற்றையெல்லாம் சுத்தமாக வெளியேற்றிவிட்டாள். அப்பாடா என்றும் இருந்தது.

பத்து மீட்டர் ஆழத்தில் உடுப்பு அவளைப் பிழிய ஆரம்பித்தது. தொடையில் கிள்ளியது, அக்குளில் கிள்ளியது. பதினைந்தாவது நிமிடம் முதுகில் அந்தப் பழைய குளிர் ஏறியது. கையுறைக்குள் விரல் நுனிகள் சுருக்கென்றன.

இத்தனை சோதனை, இத்தனை பணம், எல்லாம் போச்சா? டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வேறு யாரோடோ இறங்குவாள், தான் கரையில் துண்டு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது, முகக் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. கடல் புகாத இடத்தில் இருந்த ஒரே ஈரம் அதுதான். கட்டை விரலை உயர்த்தக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையில் உடுப்பு எலும்போடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே பஞ்சு நசுங்கி அட்டையாகிப் போயிருந்தது.

வெந்நீர்க் குழாய்!

எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்! பஞ்சை நசுக்காதே, உள்ளே காற்று இருந்தால்தான் சூடு நிற்கும், கயிற்றைத் தளர்த்து என்று. இப்போது தன்னையே இறுக்கிக் கட்டிவிட்டுக் குளிர்கிறது என்று அழுகிறாளே. அடி மக்கே! தூக்கிய கையை அப்படியே மார்புக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது. நசுங்கிய பஞ்சு எழுந்தது. ஆசையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதில் காற்று காலுக்கு ஓடி, கால் மேலே போகப் பார்த்தது. நாத்தனார் பாய்ந்து வந்து அவள் காலில் மாட்டியிருந்த துடுப்பைப் பிடித்து இழுத்தாள். தோள் பொத்தானில் கொஞ்சம் விட்டதும் சரியாயிற்று. இரண்டு நிமிடத்தில் முதுகுக் குளிர் இறங்கியது. விரல்களை மடக்கினாள், நீட்டினாள். பத்தும் சொன்னபடி கேட்டன.

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரம் இருபத்து மூன்று நிமிடம் காட்டியது. லீக் அக்கா படகின் முன்பக்கத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் நீந்தினாள்.

படகின் மூக்கு மணலில் செருகிக் கிடந்தது. நங்கூரச் சங்கிலி நுழையும் ஓட்டை, வட்டமாக, ஒரு பெரிய கழிவுநீர்க் குழாய் அளவு. உள்ளே டார்ச் அடித்தால் நூற்றுக்கணக்கில் குட்டி மீன்கள், வெளிச்சத்தில் ஒரே மினுமினுப்பு. லீக் அக்கா அதன் விளிம்பைத் தடவினாள், அளவெடுத்தாள், தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முப்பது நிமிடம். முப்பத்தைந்து. இன்னும் அவள் அந்த ஓட்டையை விட்டு நகரவில்லை. நாலு வருடக் கடனை ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்பவள்போல இருந்தாள்.

முப்பத்தெட்டாவது நிமிடம் யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினாள். பழைய ரப்பர் உடுப்புக்குள் இருந்த நாத்தனார், இருபது நிமிடத்துக்கு மேல் கீழே இருந்தே பழகாதவள், குளிரில் தோள்கள் கிடுகிடுவென்று ஆட, கையைத் தூக்கிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

நாலு வருடத்தில் முதல் தடவையாக. லீக் அக்கா மறுகணமே நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளோடு கூடவே மேலே ஏறினாள்.