கூறுகெட்டவள் துவைத்த சேலை

கஞ்சி போட்ட சேலையில் இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாடை வரும் பாருங்கள்... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் தேய்ப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து மூன்றாவது மாதம். அப்பா படுக்கையில். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

வீட்டுக்காரர்கள் சென்னையில். சாமி அறையை மட்டும் ஹோட்டலுக்கு விடவில்லை. வெள்ளையடிப்பதற்காக அதன் சாவி என் கைக்கு வந்தது. உள்ளே ஒரு பெட்டி... அதில் மடிப்புக் கலையாத கண்டாங்கிச் சேலை, தூசி வாடையோடு. நல்ல பெயர் எடுக்கலாமே என்று துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து வைத்தேன். யாரிடமாவது கேட்போம் என்று தோன்றவே இல்லை.

மறுவாரம் முன்னோருக்குப் படைக்க வந்த வீட்டு ஆச்சி பெட்டியைத் திறந்தார். அது இறந்தவர்களுக்குப் படைத்த சேலையாம். அடுத்த படைப்புக்குப் புதுசு வைக்கும்வரை யாரும் தொடக்கூடாதாம்.

“கூறுகெட்டவளே, படைச்ச சேலையவா சோப்புப் போட்டுத் துவைச்ச?”

மேனேஜர் கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்றார். ஆச்சிதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி என் வேலையைக் காப்பாற்றினார்.

அந்த வார்த்தை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. சந்தையில் கத்திரிக்காயைக் கூறு கட்டி வைப்பார்களே, அந்தக் கூறுதான். இது வேறு, அது வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி. அது இல்லாதவள் கூறுகெட்டவள். பண்டிதர்கள் வேறு சொல்லலாம். எனக்கு அன்று விளங்கியது இதுதான். அழுக்குத் துணி எது, அழுக்கானாலும் தொடக்கூடாத துணி எது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது நான் அங்கே சூப்பர்வைசர். முட்டி வலியோடு மாடி ஏறி இறங்குகிறேன். படைப்புக்கு வருகிற கூட்டம் வருஷா வருஷம் குறைந்து, போன வருஷம் ஆச்சி மட்டும் வந்தார். இந்த வருஷம் போன்தான் வந்தது.

“என்னால வர முடியலடி. பிள்ளைகளும் வர மாட்டேங்குதுக. அந்தப் பெட்டிய எடுத்து எங்குட்டாச்சும் போட்டுரு.”

“அப்படிச் சொல்லாதீக ஆச்சி” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே போன வருஷத்துச் சேலை, தூசியோடு. நான் தொடவில்லை. அன்றைக்குத் திட்டியதுபோல ஆச்சி போனில் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்...