மச்சான்மார்

எழுபதுகளில் டொராண்டோவில் படித்தபோது, குளிருக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்வேன். அங்கே காவலராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உருவம், விரல்நுனி வரை தொங்கும் சீருடைக் கை. தமிழர் யாராவது வந்தால், இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்கள் இருவரின் ஓவியத்தருகே போய், அதன் விளக்கப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார்.

"உவை ரெண்டு பேரும் மச்சான்மார். காணிச் சண்டையில ராசா தலையை வெட்டிப்போட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இருவரும் ஒருவரையொருவர் காதலித்தார்கள் என்பதற்காகவே அரசன் கொன்றான். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "கொன்ன ராஜாவே காரணத்தை மறைக்கல சார். நீங்க ஏன் மறைக்கிறீங்க?"

"தம்பி, வாசிச்சா எங்கட ஆக்கள் சிரிப்பினம். நான்தான் நாள் முழுக்க நிண்டு அந்தச் சிரிப்பைக் கேக்கவேணும்."

அப்போது செம்பட்டைத் தலை வெள்ளைக்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். வந்தவர் காவலரின் தொங்கிய சட்டைக் கையை உரிமையோடு மடித்துவிட்டார்.

காவலர் என்னை நேராகப் பார்த்தார்.

"இவர் என்ர மச்சான்."

எனக்கு எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வந்தபோது, அவருக்கு முன்னால் ஓடிப்போய்ப் பலகையை மறைத்து நின்றவன் நான்தான்.