விட்டுப்போன ஒரு வரி

என் மேஜையில் பழுப்பு நிறச் சொட்டுக்குப்பி ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்த கரைசல் எப்போதோ வற்றிவிட்டது. ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சால்வை போர்த்தினார்கள். நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வந்தது இதை மட்டும்தான்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இளநிலை ஆய்வாளராக இருந்தேன். எங்கள் பிரிவுத் தலைவரை டாக்டர் என்றே அழைப்போம். அமிலம் அரித்த ஓட்டைகளோடு கூடிய சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு உடுத்தும் மனிதர். பரிசோதனை சரியாக வந்துவிட்டால் போதும், தமக்குத் தாமே சீட்டியடித்துக்கொள்வார். எவ்வளவு இனிய நாட்கள் அவை. ரேடியோ பாகங்களுக்காக அவர் ஒரு பூச்சு கண்டுபிடித்திருந்தார். வெள்ளீயத்தோடு காரீயம் கலந்தது. பித்தளை மேல் ஏறினால் வெள்ளி தோற்றுப்போகும். சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் உதவட்டும் என்று செய்முறையைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டோம். எழுதியவள் நான். ஆங்கில அறிக்கையின் கடைசியில் இருந்த ‘உணவு படும் பாத்திரங்களுக்கு ஆகாது’ என்ற வரி பக்கத்துக்குள் அடங்கவில்லை. ரேடியோ சாமானுக்கான பூச்சைச் சட்டி பானையில் யார் பூசப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். டாக்டரும் வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்படிப் பூசவைத்தவர் எங்கள் கேன்டீன் மாஸ்டரேதான். டாக்டர் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஒரு மதியம் ரசப் பாத்திரத்தைத் தாமே தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார்.

“நம்ம டாக்டரய்யா பூச்சுதான். திருப்பத்தூர்ப் பட்டறையில குடுத்துப் பூசுனேன். எப்புடி மின்னுது பாத்தீகளா?”

டாக்டர் சிரித்தபடி தம்ளரை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே கீழே வைத்துவிட்டார். பாத்திரத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், உள்புறத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, இந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். காரீயம் இருந்தால் மஞ்சள் காட்டும். பஞ்சு முழுக்க மஞ்சளானது. புளிப்புப் பட்டால் காரீயம் கரைந்து உணவில் இறங்கும். அது விஷம். ரசம் முழுவதும் மண்ணில் போயிற்று. மாஸ்டர் குழந்தை போல அழுதார்.

“நாம கண்டுபிடிச்சுக் கொடுத்தோம், அவங்க தப்பாப் பயன்படுத்தினா நாம என்ன டாக்டர் செய்ய முடியும்?” என்றேன். டாக்டர் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

திருப்பத்தூர்ப் பட்டறைக்காரர், எங்கள் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் பதறி, யார் யாருக்குப் பூசினார் என்று நினைவுபடுத்திச் சொன்னார். வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் கல்யாணச் சீருக்கு வரிசையாகப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் மணப்பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. முதல் பாத்திரமே மஞ்சள் காட்டியது.

“எம்மக பேரு வெட்டுன சாமான்யா. நாலு நாள்ல கல்யாணம். பட்டறைக்காரரு ஏமாத்திப்புட்டாரா?” என்றார் பெண்ணின் தாய்.

“அவர் மேல குத்தமில்லம்மா. பூச்சைக் கண்டுபிடிச்சவன் நான். சமைக்கிற பாத்திரத்துக்கு ஆகாதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான்.”

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “படிச்சவகளா இருக்கீக. இதைப் பூசுறதுக்கு முந்தி வந்து சொல்லியிருக்கலாம்ல?”

டாக்டர் குனிந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கத் தொடங்கினார். கல்யாணத்துக்குள் அத்தனை பூச்சையும் ஆய்வுக்கூடத்தில் நாங்களே நீக்கி, சுத்தமான வெள்ளீயம் பூசிக் கொடுத்தோம். டாக்டர் சீட்டியடிக்கவில்லை. புதிய தாளில் அந்த வரி முதல் வரியானது.

அந்த வரியை விட்டவள் நான் என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. குப்பியை இன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. அந்த வீட்டில் அவர் “நான்தான்” என்று சொன்னபோது, நான் அவருக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்றிருந்தேன்.