பின்பக்கமாக இறங்கியவர்

லண்டன் பிளேஸ்டோ ஸ்டேசன் பிளாட்போமில் அண்ணையின் பேப்பர்க்கடையில் நான் வேலை செய்த காலம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். தினமும் காலை எட்டரைக்கு ஓர் அமெரிக்கர் படிகளில் பின்பக்கமாக இறங்கி வருவார். கதவை அடைக்கும் தோள்கள், நரைத்த தாடி, ஒரு கை கம்பியில். மேலிருந்து அவசரமாக வருகிறவர்களுக்கெல்லாம் முகம் பார்த்து ‘குட் மோர்னிங்’ சொல்லிக்கொண்டே இறங்குவார்.

“உந்த ஆள் ஏன் எப்பவும் ரிவர்ஸில வாறார்? ஒருக்காக் கேட்டுப் பார்” என்றார் அண்ணை. அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. இரண்டு நாடுகளில் அகதிக் கேஸ் தள்ளுபடியாகி லண்டன் வந்தவர்.

கேட்டேன். அமெரிக்கன் ஃபுட்போலில் தடுப்பாட்டக்காரராகச் சம்பளத்துக்கு ஆடியவராம். பந்தைப் பிடிக்க ஓடி வருகிறவனைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் ஓடுவதுதான் வேலை. முழங்கால்கள் போய்விட்டன. இப்போது இப்படி இறங்கினால்தான் நோவதில்லை.

“உங்கள் கைக்குப் பந்தே வராதா?”

“ஒரேயொரு தடவை வந்தது. திரும்பி ஓடினேன். முன்னால் ஒருவரும் இல்லை, வெறும் புல். மைதானத்தில் நான் பயந்தது அன்றைக்கு மட்டும்தான்.”

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் தமிழில் சொன்னபோது அண்ணை சிரிப்பார் என்று நினைத்தேன். பேப்பர்க் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஓம். குரோய்டன் இமிகிரேசன் ஒஃபிசில கடிதத்தைத் தந்து, இனி நீர் இஞ்ச இருக்கலாம் எண்ட அண்டைக்கு, வெளியில வந்து எந்தப் பக்கம் நடக்கிறதெண்டு தெரியாமல் நிண்டனான்.”

அடுத்த நாள் எட்டரைக்கு அண்ணை கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போய், கடைசிப் படியில் அந்த அமெரிக்கரின் முதுகுப் பக்கமாக நின்றார். அமெரிக்கர் வருவது நின்றுபோகும்வரை அண்ணை தினமும் அப்படி நின்றார்.