அக்காவுக்காக மாட்டிய புது செட்

சமீபத்தில் என் காரில் இருந்த சிடி சேஞ்சரைக் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டினேன். இதையெல்லாமா பத்தியில் எழுதுவது என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பாட்டுக் கேட்பதற்காக நான் அதை மாட்டவில்லை.

என்னுடையது பழைய கார். பாட்டை மாற்றும் பொத்தான்கள் முன்னால் இருக்கும். சிடிக்கள் இருப்பதோ பின்னால், டிக்கியில், ஒரு பெட்டிக்குள். அதுதான் சேஞ்சர். ஒரே சமயத்தில் ஆறு சிடி போட்டு வைக்கலாம். ஒன்று முடிந்தால் அடுத்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். வாங்கிய புதிதில் இதைக் காட்டுவதற்காகவே சொந்தக்காரர்களை வலிய ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்!

கொஞ்ச மாதங்களாக அந்தக் காரில் ஏறுவது என் அக்கா ஒருத்திதான். திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறாள். அத்தான் இல்லை. நிலத்தில் வேர்க்கடலை, அவள் பாஷையில் மல்லாட்டை, போட்டுத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகள் செல்வி, கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தோம். ரிசல்ட் வந்த அன்று டாக்டர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடமும், லீவு போட்டு வந்திருந்த செல்வியிடமும் புற்றுநோய் என்றார்.

நாங்கள் வெளியே வந்து என்ன சொன்னோம் தெரியுமா? சாதாரணக் கட்டி, ஊசி போட்டால் கரைந்துவிடும் என்று சொன்னோம். உண்மையைச் சொன்னால் அக்கா தாங்க மாட்டாள் என்பது எங்கள் முடிவு. எங்கள் வீட்டில் மட்டுமா இப்படி? நோய் ஒருவருக்கு, விவரம் மற்றவர்களுக்கு... நம் குடும்பங்களில் பெரும்பாலும் இதுதானே வழக்கம்.

ஊசிக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. பொய் சொல்வது கூட சுலபம். சொன்ன பிறகு அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். அதற்கு எனக்குக் கை கொடுத்தது சேஞ்சர். கார் கிளம்பியதும் பாட்டைப் போட்டுவிடுவேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்ப்பாள். நான் ரோட்டைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி வந்துவிடும்.

ஒரு நாள் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது டிக்கியில் கடகடவென்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா கேட்டாள், டாக்டர் என்னதான் சொல்கிறார் என்று. நல்லாகிக்கொண்டு வருகிறது என்றேன். திரும்பி வரும்போதும் கேட்டாள். அடுத்த முறையும் கேட்டாள். சாதாரணக் கட்டிக்கு ஏன் இவ்வளவு ஊசி? ஏன் வாய் கசக்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாரித்துச் சொன்னேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் டாக்டர் என்னையும் செல்வியையும் ஒரு முடிவு கேட்டிருந்தார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அக்காவின் இதயம் கொஞ்சம் பலவீனம், ரிஸ்க் உண்டு. செய்யாவிட்டால் ஊசியை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டலாம் என்று தன்னால் சொல்ல முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நாங்களும் யோசித்தோம் — அக்காவை விட்டுவிட்டு.

அவள் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில் காரை விழுப்புரத்திலேயே ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, லென்ஸ் போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை என்றார். டச் ஸ்கிரீன் செட் ஒன்றை மாட்டி, என் போனை அதோடு இணைத்தும் கொடுத்தார். இனி பாட்டும் போனிலிருந்தே வரும், அழைப்பும் ஸ்பீக்கரிலேயே கேட்கும் என்று விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். திரும்பும்போது வண்டியில் பாட்டு இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

அன்று திரும்பும்போது அக்கா புது செட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த முறையும் நல்ல சத்தமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பாட்டு அறுந்தது. ஸ்கிரீனில் செல்வி பெயர். கட் பண்ணத்தான் விரலை நீட்டினேன். பழகாத ஸ்கிரீன்... எதைத் தொட்டேனோ!

"மாமா, நல்லா யோசிச்சிட்டேன். ஆபரேஷன் வேணாம்னு இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அம்மாவுக்குக் கேன்சர்னே தெரியாம இருந்துடட்டும்."

நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

வண்டியை ஓரங்கட்டினேன். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் அக்கா ஸ்கிரீன் பக்கம் குனிந்தாள்.

"அம்மாதான் பேசறேன் செல்வி. மொதல்லேர்ந்து சொல்லு."

செல்வி அழுதாள். அக்கா அவளை அழவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ஆபரேஷன் என்றால் என்ன எடுப்பார்கள், இதயத்துக்கு என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும்... எல்லாம். அந்தக் கேள்விகளில் பாதியை நாங்கள் டாக்டரிடம் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"சாதாக் கட்டிக்கு யாருக்குடா முடி கொட்டுது? பக்கத்துக் கட்டில்ல ஊசி போட்டுக்கினு இருக்கிற பொம்பளைய கேட்டா சொல்ல மாட்டாளா? பாட்டு நின்னு போச்சே, இப்பவாவது இவன் வாயத் தொறப்பான்னு பாத்துக்கினு இருந்தேன். நீ என்னடான்னா புது செட்டு மாட்டிக்கினு வந்து நிக்கிற."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாம் தெரிந்தும், யாரிடமும் சொல்லி அழ முடியாமல் இத்தனை நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனியாக விட்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அவள்தான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிட்டதும் வழக்கம்போல நான் எழுந்தேன். அக்கா என் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டு, தானே உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"பண்ணிக்கறேன்னு சொல்லிட்டேன். மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டு வர்றேன்னு நாளும் கேட்டு வாங்கிட்டேன்."

ரிஸ்க் இருக்கிறதே அக்கா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவள் காரைப் பார்த்து நடந்தாள்.

உடம்பு அவளுடையதுதானே?